பொங்கபோன் வெங்காயமும் மார்க்கோஸின் மகனும்

அன்புள்ள அம்மா,

சென்ற வாரம் செய்தித்தாளின் உள்பக்கத்தில் ஒரு சிறு செய்தி பார்த்தேன். பிலிப்பைன்ஸின் சர்வாதிகாரி மார்க்கோஸை மக்கள் விரட்டிய எட்சா புரட்சியின் நினைவு நாளில், அவருடைய மகனும் இன்றைய ஜனாதிபதியுமான பொங்போங் மார்க்கோஸ் அந்த நினைவுச் சின்னத்துக்கு மலர்வளையம் அனுப்பியிருக்கிறார். சமரசத்துக்குக் கை நீட்டுவதாக அறிக்கையும் விட்டிருக்கிறார். 1986இல் டாங்கிகளுக்கு முன்னால் ஜெபமாலையோடு மண்டியிட்ட கன்னியாஸ்திரீகளின் படத்தைக் கல்லூரி விடுதி அறைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தவன் நான். விரட்டிய மக்களே எப்படி அந்தக் குடும்பத்தை மறுபடி அழைத்து வந்தார்கள்? இவ்வளவு மறதியா? நீங்கள் சிங்கப்பூரில் பிலிப்பினோக்களுக்கு நடுவில் வாழ்கிறவர். புதிய ஆட்சியில் அங்கே என்னதான் நடக்கிறது?

ஆர்.,
தஞ்சாவூர்
மார்ச் 2023

அன்புள்ள ஆர்.,

உங்கள் விடுதிச் சுவரில் இருந்த படம் என் மனதிலும் இருக்கிறது. 1986 பிப்ரவரி 25 அன்று ஜனாதிபதி மாளிகையான மலக்கான்யாங்கின் உப்பரிகையில் மார்க்கோஸ் கடைசியாகத் தோன்றியபோது, ராணுவ உடையில் அருகில் நின்ற 28 வயது இளைஞர்தான் இன்றைய ஜனாதிபதி. அன்றிரவே குடும்பத்தோடு நாட்டை விட்டுப் போனவர். 36 ஆண்டுகள் கழித்து, 2022 மே மாதம், 3 கோடியே 16 லட்சம் வாக்குகளோடு ஆட்சிக்குத் திரும்பி வந்தார். எதிர்த்து நின்ற லெனி ரொப்ரேடோ பெற்றது அதில் பாதிக்கும் குறைவு.

ஆனால் மறதி என்று நீங்கள் சொல்வதை நான் ஏற்க மாட்டேன்.

எங்கள் எதிர்வீட்டில் வேலை பார்க்கும் பெண் நுவேவா எசிஹா மாகாணத்தில் பொங்கபோன் என்ற ஊரைச் சேர்ந்தவர். அந்நாட்டின் வெங்காயத் தலைநகரம் என்று பெயர் பெற்ற ஊர். அக்காவை அவர்கள் மொழியில் 'ஆத்தே' என்பார்கள். அவர் என்னை அப்படிக் கூப்பிடும்போதெல்லாம் எனக்கு என் பாட்டி வீட்டு வாசல் நினைவுக்கு வரும். சென்ற ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வாரத்தில் கிடைக்கிற ஒரே ஓய்வு நாளில், நஸீம் சாலையிலுள்ள அவர்கள் தூதரகத்துக்குப் போய் வெயிலில் வரிசையில் நின்று வாக்களித்துவிட்டு வந்தார். மார்க்கோஸுக்கும், துணை ஜனாதிபதிக்கு நின்ற சாரா டுட்டெர்ட்டேவுக்கும். நான் மனம் தாங்காமல், "உங்கள் நாட்டையே சூறையாடிய குடும்பமாயிற்றே" என்று கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. "எட்சாவுக்குப் பிறகு எங்கள் வீட்டில் என்ன மாறியது, ஆத்தே? முதலில் அம்மா ஹாங்காங் போனாள். அப்புறம் நான் இங்கே வந்தேன்" என்றார்.

அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை.

பிறகு படிக்கப் படிக்க அந்த ஒரு வரியின் கனம் புரிந்தது. மார்க்கோஸை விரட்டியபின் ஜனாதிபதியான கோரி அகினோ பதவியேற்று ஓராண்டுகூட ஆகவில்லை. 1987 ஜனவரி 22 அன்று மணிலாவின் மெண்டியோலா பாலத்தருகே நிலம் கேட்டு ஊர்வலம் வந்த விவசாயிகள் மீது படையினர் சுட்டார்கள். 13 பேர் இறந்தார்கள். அடுத்த ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டம் வந்தது. ஆனால் அகினோவின் பிறந்த வீட்டாருக்குத் தார்லாக் மாகாணத்தில் இருந்த ஹசியெண்டா லுயிசிட்டா என்ற கரும்புப் பண்ணையில் நிலத்துக்குப் பதில் கம்பெனிப் பங்குகளைத் தொழிலாளிகளுக்குக் கொடுத்து, மண்ணைத் தங்கள் கையிலேயே வைத்துக்கொண்டார்கள். சட்டத்திலேயே அதற்கு வழி விட்டிருந்தார்கள். 2004இல் அங்கே வேலைநிறுத்தம் செய்தவர்களில் 7 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். நிலத்தைப் பிரித்துக் கொடு என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட 2011 ஆகிவிட்டது. தஞ்சாவூர்க்காரரான உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கொடுங்கோலன் போனான், பண்ணை போகவில்லை.

1987 அரசியல் சட்டத்தில் ஒரு நல்ல வரி உண்டு. அரசியல் வாரிசுக் குடும்பங்களை அரசு தடை செய்யும், சட்டம் வரையறுக்கிறபடி, என்று. அந்தச் சட்டத்தை இயற்ற வேண்டிய நாடாளுமன்றத்தில் உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் அந்தக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். 36 ஆண்டுகளாக வரையறை வரவில்லை. இந்த 2023 மார்ச்சில் ஜனாதிபதியின் அக்கா செனட்டர், மகன் கீழவை உறுப்பினர், ஒன்றுவிட்ட சகோதரர் கீழவைத் தலைவர், அக்கா மகன் சொந்த மாகாணத்தின் ஆளுநர். துணை ஜனாதிபதி சாராவின் தந்தை டுட்டெர்ட்டே முந்தைய ஜனாதிபதி. சாராவின் தம்பி டாவோ நகரின் மேயர்.

இதனால் நான் அந்த மகனுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அப்பா காலம் பொற்காலம் என்று யூடியூபிலும் டிக்டாக்கிலும் வருடக்கணக்கில் ஊட்டப்பட்டது பச்சைப் பொய். 1984, 1985 இரண்டு ஆண்டுகளிலும் அந்த நாட்டுப் பொருளாதாரம் ஏழு சதவீதத்துக்கு மேல் சுருங்கியது. அந்த ஆட்சியில் வதைபட்டவர்கள் என்று 11,103 பேரை அரசே ஆராய்ந்து ஏற்றுக்கொண்டு, சுவிஸ் வங்கிகளிலிருந்து மீட்ட மார்க்கோஸ் பணத்திலிருந்து நஷ்டஈடு கொடுத்திருக்கிறது. திருட்டுக்கும் வதைக்கும் இதைவிட என்ன சாட்சி வேண்டும்? பொய் சொன்னவர்களை நான் மன்னிக்கவில்லை. வயிறு காய்ந்த இடத்தில்தான் அந்தப் பொய் வேர் பிடித்தது என்று மட்டும் சொல்கிறேன்.

அதனால்தான் இந்த ஆட்சியை நான் அரிசியை வைத்துப் பார்க்கிறேன். கிலோ 20 பெசோவுக்கு அரிசி தருவேன் என்பது தேர்தலில் அவர் காட்டிய கனவு. வென்றபின் விவசாயத் துறையையும் தன்னிடமே வைத்துக்கொண்டார். இந்த 2023 மார்ச்சில் மணிலாச் சந்தையில் அரிசிக் குவியல்களில் குத்தியிருக்கும் அட்டைகளில் விலை 40ஐ ஒட்டி நிற்கிறது. நம் வயல்களுக்கு ஐ.ஆர்.8, ஐ.ஆர்.20 எல்லாம் வந்தது அந்நாட்டின் லாஸ் பன்யோஸிலுள்ள நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்துதான். உலகத்துக்கே விதை கொடுத்த மண், இன்று வியட்நாமிலிருந்து கப்பல் கப்பலாக அரிசி வாங்கிச் சாப்பிடுகிறது. 2019இல் இறக்குமதிக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டு வெறும் வரியோடு கதவைத் திறந்துவிட்டார்கள். உள்ளூர் நெல்லுக்கு விலை விழுந்தது.

வெங்காயத்தின் கதை இன்னும் கொடுமை. 2022 டிசம்பர் கடைசியில் மணிலாவில் கிலோ 700 பெசோவைத் தொட்டது. அந்த நகரில் அப்போது ஒரு நாள் குறைந்தபட்சக் கூலியே 570 பெசோதான். ஜனவரியில் ரியாத்திலிருந்தும் துபாயிலிருந்தும் வந்த விமானப் பணியாளர் பத்துப் பேரின் பைகளில் வெங்காயமும் பழமுமாகச் சுமார் 40 கிலோ பிடிபட்டது. வீட்டுக்கு வெங்காயம் கடத்தும் நிலைமை! அரசு விழித்துக்கொண்டு 21,060 டன் இறக்குமதிக்கு அனுமதி கொடுத்தது. அதுவும் எப்போது? உள்ளூர் அறுவடை தொடங்கும் நேரம் பார்த்து. விதைத்தவனுக்கும் லாபமில்லை, வாங்கியவனுக்கும் நிம்மதியில்லை. இடையில் குளிர்பதனக் கிடங்கு வைத்திருந்தவன் சம்பாதித்தான்.

பொருளாதாரம் 2022இல் 7.6 சதவீதம் வளர்ந்தது என்கிறார்கள், 1976க்குப் பிறகு இதுவே அதிகமாம். கொரோனா முடிந்து கடைகள் திறந்த வேகம் அது. 2023 ஜனவரியில் விலைவாசி ஏற்றம் 8.7 சதவீதம், 14 ஆண்டுகளில் காணாதது. இந்த நேரத்தில் 'மகார்லிக்கா' என்ற பெயரில் ஒரு முதலீட்டு நிதியைத் தொடங்க மசோதா கொண்டுவந்தார்கள். தொழிலாளர், அரசு ஊழியரின் ஓய்வூதியப் பணத்தையும் அதில் போடுவதாகத்தான் முதலில் எழுதியிருந்தார்கள். ஊரே கொதித்த பிறகு எடுத்தார்கள். அந்தக் கொதிப்பைப் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது. பத்திரிகையாளர் மரியா ரெஸ்ஸா ஜனவரியில் வரி வழக்கிலிருந்து விடுதலையானதும் நல்ல செய்தியே. ஆனால் டுட்டெர்ட்டேவின் போதைப்பொருள் வேட்டையில் விழுந்த பிணங்களைக் கேள்வி கேட்ட முன்னாள் செனட்டர் லெய்லா டி லிமா 2017 முதல் இந்த 2023 மார்ச் வரை ஆறு ஆண்டுகளாகச் சிறையில் இருக்கிறார். மலர்வளையம் அனுப்புகிற கை அந்தக் கதவைத் திறக்கட்டும், சமரசத்தைப் பிறகு பேசலாம்.

எதிர்வீட்டுப் பெண் மனம் மாறிவிட்டாரா என்று கேட்பீர்கள். இல்லை. "ஒரு வருடம்கூட ஆகவில்லையே, பொறுத்துப் பார்ப்போம்" என்கிறார். வெளிநாட்டிலிருப்போர் சென்ற ஆண்டு வங்கிகள் வழியாக மட்டும் ஊருக்கு அனுப்பியது 3,200 கோடி டாலருக்கு மேல். அதில் இவருடைய சம்பளமும் இருக்கிறது. போன ஞாயிறு லக்கி பிளாசா வாசலில் படிக்கட்டில் உட்கார்ந்து தம்பியோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தார். நானும் எட்டிப் பார்த்தேன். தம்பி குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு வெங்காயத்தைத் தாளோடு பிடுங்கிக் காட்டினான். கோலிக்குண்டைவிடக் கொஞ்சம் பெரியது. முற்ற இன்னும் மூன்று வாரம் வேண்டுமாம். இறக்குமதிச் சரக்கு இறங்கி விலை விழுவதற்குள் விற்றாக வேண்டும் என்று அப்படியே பிடுங்குகிறார்கள். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. உரத்துக்கு வாங்கிய கடனில் எவ்வளவு பாக்கி என்று மட்டும் கேட்டு, கைப்பையிலிருந்த ரசீதின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டார்.