சோலாரா, ஏசியா, மொட்டைமாடியா: எதில் முதலில் கை வைப்பது?

கேள்வி: முப்பது ஆண்டுப் பழைய தனிவீடு. மேல்தளத்து அறைகள் இரவு பத்து மணிக்கும் தகிக்கின்றன. மழை பெய்தால் ஒரு மூலையில் ஓதம். ஏசியும் பழசு, மின்கட்டணம் கட்டுப்படியாகவில்லை. இருக்கும் பணத்தில் சோலார் போடலாம், புது ஏசி வாங்கலாம், அல்லது மாடியைச் சரிசெய்யலாம். எது முதலில்?

பதில்: மாடிதான்.

ஓதத்துக்காக எப்படியும் மாடியில் ஆள் விடத்தான் போகிறீர்கள். பழைய தளத்தைப் பெயர்ப்பது, இடிபாட்டை இறக்குவது, நீர்க்கசிவுத் தடுப்பு, புது ஓடு எல்லாமே வெப்பத்தைப் பற்றிக் கவலைப்படாதவருக்கும் வரும் செலவு. ஆகவே வெப்பத்தடுப்பின் கணக்கில் எழுத வேண்டியது, தளத்துக்கும் ஓட்டுக்கும் இடையில் வைக்கும் வெப்பத்தடுப்புப் பலகையின் விலையும் அதைப் பதிக்கும் கூலியும் மட்டுமே. இதையே ஐந்து ஆண்டு கழித்துத் தனியாகச் செய்தால் மொத்தச் செலவும் மறுபடி உங்கள் தலையில் விழும். ‘இன்சுலேஷனில் போட்ட காசு திரும்பாது’ என்பவர்கள் பெரும்பாலும் இந்த மொத்தச் செலவையும் அதன் கணக்கில் எழுதிவிட்டுத்தான் பேசுகிறார்கள்.

எவ்வளவு தடிமன்? 15 செ.மீ. கான்கிரீட் தளத்தின் வழியே இப்போது 100 பங்கு வெப்பம் இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 5 செ.மீ. எக்ஸ்பிஎஸ் பலகை (வெப்பத்தை எளிதில் கடத்தாத கெட்டி நுரைப் பலகை) வைத்தால் அது சுமார் 17 பங்காகிவிடும். இன்னொரு 5 செ.மீ. சேர்த்தால் 9 பங்கு. முதல் பலகைதான் பெரும்பகுதி வேலையைச் செய்கிறது. ஆனால் கூலி எந்தத் தடிமனுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால், 5 செ.மீ.க்கும் 7.5 செ.மீ.க்கும் தனித்தனியாக விலை கேட்டு, வித்தியாசத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். மேலே வெள்ளை அல்லது வெளிர் நிற ஓடு பதித்தால் வெயிலின் பெரும்பங்கு தளத்தில் ஏறாமலேயே திரும்பிவிடும். கூடுதல் செலவும் அதிகமிராது. அழுக்கேறினால் பலன் குறையும், அவ்வப்போது கழுவிவிட வேண்டும்.

வேலை தொடங்கும் முன் டேப்பை எடுத்துக்கொண்டு மாடிக் கதவருகே போய் நில்லுங்கள். பலகை, சாந்து, ஓடு எல்லாம் சேர்ந்து தளம் 10 செ.மீ. வரை உயரலாம். வாசற்படி அதைவிடத் தாழ்வாக இருந்தால் மழைநீர் படிக்கட்டில் இறங்கும். மழைநீர்க் குழாயின் வாயையும் கைப்பிடிச் சுவரின் உயரத்தையும் அப்போதே பார்த்துவிடுங்கள். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

ஜன்னல்களை மாற்றச் சொல்பவர்களை இப்போதைக்குக் காத்திருக்கச் சொல்லுங்கள். இரட்டைக் கண்ணாடி நல்லதுதான், ஆனால் விலைக்கேற்ற சேமிப்பு தர நெடுநாள் ஆகும். மேற்கு ஜன்னலுக்கு வெளிப்புறம் ஒரு மறைப்பு, இடுக்குகளில் ரப்பர் பட்டை, இவை போதும். உட்புறத் திரை, வெப்பம் கண்ணாடியைத் தாண்டி அறைக்குள் வந்த பிறகுதான் அதைப் பிடிக்கிறது.

மின்விசிறிகளை மட்டும் உடனே மாற்றலாம். 75 வாட் விசிறிக்குப் பதில் 30 வாட் பிஎல்டிசி விசிறி (குறைந்த மின்சாரத்தில் ஓடும் மோட்டார் கொண்டது), நாளுக்கு 12 மணி நேரம் ஓடினால் ஆண்டுக்கு ஏறத்தாழ 200 யூனிட் மிச்சம்.

ஏசி வாங்குவதை, மாடி முடிந்து ஒரு கோடை போகும்வரை தள்ளிப்போடுங்கள். இன்று ஒன்றரை டன் கேட்கும் அறைக்கு அப்போது ஒரு டன் போதுமானதாக இருக்கலாம். தேவைக்கு மீறிய ஏசி அடிக்கடி நின்று நின்று ஓடும், ஈரப்பதத்தையும் சரியாக இழுக்காது.

சோலார் கடைசியில். மின்தேவை குறைந்த பிறகு குறைவான சோலார் பலகைகளே போதும். அதோடு, 25 ஆண்டு இருக்க வேண்டியதை ஒழுகும் தளத்தின்மேல் நிறுத்தினால், தளத்தைச் சரிசெய்யும் நாளில் எல்லாவற்றையும் கழற்றி மாட்டும் கூலி வேறு சேரும். பின்னாளில் சோலார் வைக்கும் எண்ணம் இருந்தால், அதன் கால்களுக்கான கான்கிரீட் கட்டைகளை நீர்க்கசிவுத் தடுப்பு செய்வதற்கு முன்பே கட்டிவிடச் சொல்லுங்கள். முடித்த தளத்தில் துளை போட்டால், போன ஓதத்தைக் காசு கொடுத்துத் திரும்ப அழைப்பதாகிவிடும்.