காதுக்குள்ளா, காதைச் சுற்றியா?

கேள்வி: தினமும் செங்கல்பட்டிலிருந்து சென்னைக் கடற்கரைக்கு மின்சார ரயிலில் போய் வருகிறேன். கச்சேரிகள், பழைய சினிமாப் பாட்டு, நடுவில் ஒன்றிரண்டு போன் அழைப்பு. வைத்திருந்த வயர்லெஸ் இயர்பட்ஸ் இரண்டு வருஷத்தில் அரை மணி நேரம்கூடச் சார்ஜ் நிற்காமல் போய்விட்டது. கையில் ஆறாயிரம் ரூபாய் இருக்கிறது. "காதுக்குள் செருகுவதெல்லாம் விளையாட்டுச் சாமான், பாட்டு கேட்க வேண்டுமென்றால் பெரிய ஹெட்போன்தான்" என்கிறார் கூட வேலை செய்பவர். எதை வாங்கட்டும்?
- வாசகர், செங்கல்பட்டு

பதில்: ரயிலுக்கு என்றால் காதுக்குள் செருகுவதுதான். அதுவும் வயர் வைத்தது.

உங்கள் நண்பர் அளவைப் பார்த்து ஏமாறுகிறார். பெரிய ஹெட்போனில் அதிர்ந்து ஒலி எழுப்பும் டிரைவர் பெரும்பாலும் 40 மில்லிமீட்டர் இருக்கும். இயர்போனில் 6 முதல் 10 வரைதான். ஆனால் இயர்போன் அசைக்க வேண்டிய காற்றும் கொஞ்சம்தான். காதுத் துளை சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளம். அதன் வாயைச் சிலிக்கான் டிப் இடைவெளி இல்லாமல் அடைத்துவிட்டால், உள்ளே சிக்கிய அந்தத் துளிக் காற்றைத் தள்ள சின்ன டிரைவரே தாராளம். 1991இல் வந்து பேர் வாங்கிய எட்டிமோட்டிக் ஈஆர்-4 இயர்போனில் இருந்தது, காது கேட்கும் கருவிகளில் வைக்கும் வகையைச் சேர்ந்த குட்டி டிரைவர்தான்.

இடைவெளி இல்லாமல் அடைத்தால் என்றேன் அல்லவா, பெரும்பாலானவர்கள் கோட்டை விடுவது அங்கேதான். ஒரு மிருதங்கத் தனி ஆவர்த்தனத்தைப் போட்டுப் பாருங்கள். வலது முகமான வலந்தலைச் சொற்கள் எல்லாம் பளிச்சென்று வருகின்றன, ஆனால் இடது முகமான தொப்பியில் விழும் 'தோம்' மட்டும் எங்கோ பக்கத்து வீட்டில் கேட்கிறதா? டிப் சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம். பெட்டியில் சின்னது, நடுத்தரம், பெரியது என்று மூன்று ஜோடி கொடுத்திருப்பார்கள். நம்மில் பலர் மாட்டி வந்த நடுத்தரத்தோடு நிறுத்திவிட்டு, மற்ற இரண்டையும் பெட்டியோடு பரணில் போட்டுவிடுகிறோம். வலது காதைச் சரிசெய்யும்போது இடது கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய், மடலை மேலும் பின்னுமாக இழுத்துக்கொண்டு செருகுங்கள். பாட்டு ஓடாதபோது வாய்விட்டுப் பேசிப் பாருங்கள். உங்கள் குரல் தலைக்குள் கும்மென்று கேட்டால் அடைப்பு சரி. இரண்டு காதுக்கும் இரண்டு அளவு தேவைப்பட்டாலும் ஆச்சரியப்படாதீர்கள், அது சகஜம்.

சரி, ஹெட்போனுக்கு என்னதான் பெருமை? இடம். இயர்போனில் ஒலி நேராகத் துளைக்குள் போய்விடுகிறது. காது மடலுக்கு வேலையே இல்லை. நிஜத்தில் ஒரு சத்தம் முன்னாலிருந்து வருகிறதா பின்னாலிருந்தா என்று நாம் அறிவதில் மடலின் மடிப்புகளுக்குப் பெரிய பங்கு உண்டு. காதைச் சுற்றி உட்காரும் ஹெட்போன் மடலுக்கு வெளியிலிருந்து ஒலிப்பதால் பாடகர், வயலின், மிருதங்கம் எல்லாம் கொஞ்சம் விலகி விலகி உட்கார்ந்த மாதிரி இருக்கும். பின்பக்கம் வலை வைத்துத் திறந்திருக்கும் ஓப்பன் பேக் வகையில் இது இன்னும் நன்றாகத் தெரியும். 1997இல் வந்த சென்ஹைசர் எச்டி 600ஐ இன்றும் ஆட்கள் தேடி வாங்குவது இதற்காகத்தான். ஆனால் அதன் மின்தடை 300 ஓம். போனில் செருகினால் முக்கி முனகித்தான் ஒலிக்கும், ஆம்ப்ளிஃபயர் கேட்கும். ரயிலில் மாட்டிக்கொண்டால் மொத்தப் பெட்டியின் சத்தமும் உள்ளே வரும், உங்கள் பாட்டும் பக்கத்து சீட்டுக்குப் போகும்.

அப்படியானால் பின்பக்கம் மூடிய, நாய்ஸ் கேன்சலிங் வைத்த ப்ளூடூத் ஹெட்போன்? ரயிலின் தொடர்ந்த இரைச்சலை அது நன்றாகவே அமுக்கும். பேச்சுச் சத்தத்தை அந்த அளவுக்கு அமுக்காது, எனவே எதிர் சீட்டுக்காரரின் குடும்பக் கதை தப்பாது. ஆனால் சுமையைப் பாருங்கள். சோனி டபிள்யூஎச்-1000எக்ஸ்எம்5 சுமார் 250 கிராம், ஏர்பாட்ஸ் மேக்ஸ் சுமார் 385 கிராம். முன்பு வந்த எக்ஸ்எம்4 மடங்கும், எக்ஸ்எம்5 மடங்காது. ஜனங்கள் முணுமுணுத்தார்களோ என்னவோ, எக்ஸ்எம்6இல் மடக்கு திரும்பி வந்துவிட்டது. மடங்காததை டிபன் பாக்ஸும் தண்ணீர் பாட்டிலும் இருக்கும் பையில் எங்கே வைப்பீர்கள்? அப்புறம் நம் ஊர் வெயில். மே மாதம் நெரிசலில் நின்றுகொண்டு காதை ரெக்சின் மெத்தையால் மூடிக்கொண்டால் தாம்பரம் வருவதற்குள் கழற்றிவிடுவீர்கள். இந்தக் கடலோர ஈரத்திலும் வியர்வையிலும் அந்த ரெக்சின் சில வருஷத்திலேயே கருப்புச் செதிலாக உரிந்து கன்னத்தில் ஒட்டும். ஆறாயிரத்துக்குள் வரும் நாய்ஸ் கேன்சலிங் ஹெட்போன்களின் ஒலியும் என்னைக் கவர்ந்ததில்லை. காசு அந்த வசதிக்கே போய்விடுகிறது.

இயர்பட்ஸ் போன வழிதான் உங்களுக்கே தெரியுமே. குண்டுமணி அளவு பேட்டரி, தினமும் காலி செய்து தினமும் ஏற்றினால் இரண்டு மூன்று வருஷத்தில் தளர்ந்துவிடும். பெரும்பாலானவற்றில் மாற்றவும் முடியாது.

எனவே இரண்டாயிரம் ரூபாய் சுற்றுவட்டாரத்தில், வயரைக் கழற்றி மாற்றக்கூடிய ஒரு இன்-இயர், அதாவது காதுக்குள் செருகும் இயர்போன், வாங்குங்கள். இயர்போனில் முதலில் அறுவது வயர்தான், அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். அழைப்புகள் வரும் என்பதால் மைக் வைத்த வயராகக் கேளுங்கள். கூடவே ஒரு ஜோடி ஃபோம் டிப். விரலால் உருட்டிச் சுருக்கிக் காதில் வைத்து, அது விரியும் வரை பிடித்துக்கொள்ள வேண்டும். ரயில் இரைச்சலைச் சிலிக்கானைவிட நன்றாகத் தடுக்கும். போனில் 3.5 மி.மீ. துளை இல்லையென்றால் சார்ஜ் துளையில் செருகும் குட்டி இணைப்பானான டைப்-சி டாங்கிளும் வேண்டும். போனின் டிஜிட்டல் ஒலியை இயர்போனுக்கு ஏற்றபடி மாற்றும் டிஏசி சிப் உள்ளே இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். சிப் இல்லாத மலிவு டாங்கிள் சில போன்களில் பாடும், பல போன்களில் ஊமையாகக் கிடக்கும்.

குறையும் சொல்லிவிடுகிறேன். இறங்கும் கூட்டத்தில் யாருடைய பை கொக்கியிலாவது வயர் மாட்டும், அதைச் சட்டைக்குள் விட்டுக்கொள்ளுங்கள். நடக்கும்போது காலடிச் சத்தம் காதுக்குள் தும்தும் என்று கேட்கும். ரயில் நிலையத்தில் தண்டவாளப் பக்கம் நிற்கும்போது கழற்றிவிடுங்கள், இது மட்டும் கண்டிப்பு.

கேள்வி: இரவில் வீட்டில் கேட்க மட்டும். காதுக்குள் எதை வைத்தாலும் அரிக்கிறது. கண்ணாடி போடுகிறேன்.
- வாசகி, மதுரை

பதில்: உங்களுக்குக் காதைச் சுற்றி உட்காரும் பெரிய ஹெட்போன். காதின் மேலேயே அழுந்தும் சின்ன வகை வேண்டாம். கண்ணாடிக் காம்பையும் காதையும் சேர்த்து நசுக்கி, கொஞ்ச நேரத்தில் வலி கண்டுவிடும். காம்பு மெத்தையைத் தூக்குவதால் அந்த இடுக்கு வழியே பாஸ், அதாவது அடித்தொண்டை ஒலி, கொஞ்சம் ஒழுகும். மெல்லிய காம்பும் மெத்தென்ற பஞ்சும் இருந்தால் பரவாயில்லை, ஆகவே கண்ணாடியோடு கடைக்குப் போய்ப் போட்டுப் பார்த்து வாங்குங்கள். தனி அறை என்றால் ஓப்பன் பேக், காற்றோட்டமும் இருக்கும். பக்கத்தில் யாராவது தூங்குகிறார்கள் என்றால் மூடியது. சோனி எம்டிஆர்-7506, ஆடியோ-டெக்னிகா எம்50எக்ஸ் போன்ற ஸ்டூடியோ ரகங்களுக்கு மெத்தை தனியாகக் கிடைக்கும். உரிந்தால் மெத்தையை மட்டும் மாற்றலாம்.

கேள்வி: காதுக்குள் செருகினால் காது கெட்டுவிடும், ஹெட்போன் என்றால் கெடாது என்கிறார்களே?
- வாசகர், ஈரோடு

பதில்: கெடுப்பது சத்தத்தின் அளவும் கேட்கும் நேரமும்தான். 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம், 90 டெசிபல் என்றால் வெறும் 4 மணி நேரம் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு. வெளிச் சத்தத்தை அடைக்காத இயர்போனைப் பஸ்ஸில் போட்டுக்கொண்டு, ஹாரனுக்குப் போட்டியாக வால்யூமை ஏற்றுகிறோமே, அதுதான் ஆபத்து. நன்றாக அடைக்கும் இன்-இயர் இருந்தால் பாதி வால்யூமே போதும் என்று ஆகிவிடும்.

கேள்வி: கடையில் பிராண்டட் ப்ளூடூத் இயர்போன் என்று சொல்லி வாங்கினேன். பில் கேட்டதற்குச் சிரித்தார்கள். மூன்றாவது வாரம் வலது பக்கம் செத்துவிட்டது. ஏதாவது செய்ய முடியுமா?
- வாசகர், சென்னை

பதில்: பில் தராமல் விற்பதே 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. பில்லில் கெடு எதுவும் போடாவிட்டால், பழுதான பொருளை 30 நாளுக்குள் திரும்ப எடுக்க மறுப்பதும் அப்படித்தான். யுபிஐயில் பணம் கட்டியிருந்தால் அந்தப் பதிவை எடுத்துக்கொண்டு, கெடு தாண்டுவதற்குள் கடைக்குப் போங்கள். மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. சரக்கே போலியோ என்ற சந்தேகமும் எனக்கு இருக்கிறது. வயர்லெஸ் இயர்போன்களுக்கு பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு கட்டாயம். பெட்டியில் 'ஆர்' எழுத்தோடு தொடங்கும் எண் இருக்க வேண்டும். அதை பிஐஎஸ் கேர் செயலியில் தட்டினால் எந்தக் கம்பெனிக்குக் கொடுத்த எண் என்று வந்துவிடும். அடுத்த முறை இதைக் கடையில் நின்றே பாருங்கள்.

கேள்வி: இன்-இயரில் ஒரு பக்கம் சத்தம் குறைந்துகொண்டே வருகிறது. தூக்கிப் போட்டுவிடலாமா?
- வாசகி, திருநெல்வேலி

பதில்: பொறுங்கள். டிப்பைக் கழற்றி, குழாய் முனையிலுள்ள வலையை வெளிச்சத்தில் பாருங்கள். முக்கால்வாசி காது அழுக்காகத்தான் இருக்கும். முனையைக் கீழ்நோக்கிப் பிடித்துக்கொண்டு, காய்ந்த பல் துலக்கும் பிரஷால் மெதுவாகத் தட்டிவிடுங்கள், அப்போதுதான் உதிர்வது உள்ளே போகாது. தண்ணீர் கூடாது, ஊசியும் கூடாது, வலை கிழிந்துவிடும். டிப்பை மட்டும் சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டலாம்.