ஆறு பேர் உள்ள குடும்பத்துக்கு நான்கரை லட்சம் ரூபாய்க்குள் எந்தப் பழைய கார் வாங்கலாம்?

வீட்டில் ஆறு பேர், கையில் நான்கரை லட்சம் ரூபாய், கடன் வாங்க விருப்பமில்லை, மாதம் ஒரு முறை சொந்த ஊருக்குப் போய்வர வேண்டும், இதற்கு ஏற்ற இடவசதியான பழைய வண்டி எது, டீசலா பெட்ரோலா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் நானும் இதே தொகையோடு, இதே அளவு குடும்பத்துக்காக, இரண்டு மாதம் அலைந்து பதினொரு வண்டிகளைப் பார்த்துவிட்டுப் பன்னிரண்டாவதை வாங்கினேன். நான் இருப்பது நாமக்கல்லில். லாரிப் பட்டறைகளுக்கு நடுவே வளர்ந்தவன் என்பதால் வண்டியைப் பார்த்ததும் கணித்துவிடலாம் என்றொரு நினைப்பு எனக்கு இருந்தது. மூன்றாவது வண்டியைப் பார்த்த அன்றே அது போய்விட்டது. அந்தக் கதையைப் பின்னால் சொல்கிறேன்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான்கரை லட்சத்தையும் வண்டிக்கே கொடுத்துவிடாதீர்கள். மூன்றே முக்கால் லட்சத்திலிருந்து மூன்று லட்சத்துத் தொண்ணூறாயிரத்துக்குள், ஒரே உரிமையாளர் ஓட்டிய, ஏர்பேக் உள்ள, முதல் தலைமுறை (2012 முதல் 2018 வரை வந்த) மாருதி எர்டிகா பெட்ரோல் வண்டியைத் தேடுங்கள். மீதியை முதல் மூன்று மாதச் செலவுக்கென்று எடுத்து வையுங்கள். ஆனால் இந்தப் பதில் உங்களுக்கும் பொருந்துமா என்பது, உங்கள் வீட்டில் யார் எந்த இருக்கையில் உட்காரப் போகிறார்கள் என்பதைப் பொறுத்தது. மாடல்களின் பெயர்களைப் பட்டியலிடுவதற்கு முன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தீர்மானிக்க வேண்டிய விஷயம் அதுதான்.

ஏழு இருக்கை என்று விளம்பரத்தில் போட்டிருப்பதைப் பார்த்து, ஆறு பேர் போக ஓர் இடம் மிச்சம் என்றுதான் நானும் கணக்குப் போட்டேன். ஏழு இருக்கைகளையும் நிமிர்த்தி வைத்தால் முதல் தலைமுறை எர்டிகாவின் டிக்கியில் மிஞ்சுவது 135 லிட்டர் இடம்தான். ரெனோ டிரைபரில் அது 84 லிட்டர். இரண்டு பள்ளிக்கூடப் பைகளும் ஒரு தண்ணீர்க் கேனும் வைத்தால் கதவை அழுத்தித்தான் மூட வேண்டும். ஊரிலிருந்து திரும்பும்போது அரிசி மூட்டையும் தேங்காயும் இல்லாமல் எந்த அப்பா அம்மா நம்மை அனுப்புகிறார்கள்? ஆகவே ஆறு பேரை முன்னால் இருவர், நடுவில் மூவர், கடைசியில் ஒருவர் என்று பிரித்து, கடைசி வரிசையின் ஒரு பாதியை மடக்கி அங்கே சுமையை வைக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். 2015 இறுதியில் வந்த மாற்றத்துக்குப் பிந்தைய எர்டிகாவில் கடைசி வரிசை இரண்டு பாதிகளாகத் தனித்தனியே மடங்கும்; அதற்கு முந்தைய வண்டி என்றால் மடக்கிப் பார்த்துவிடுங்கள். இன்னோவாவில் அவை பக்கச் சுவரை நோக்கி மடங்கும். டிரைபரில் ஓர் இருக்கையை அப்படியே கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகலாம். நடுவில் உட்காரும் மூவரில் ஒருவராவது சிறு பிள்ளையாக இருந்தால் இந்த ஏற்பாடு நன்றாகவே அமையும். மூவரும் பெரியவர்கள் என்றால் வண்டியின் நீளத்தைவிட நடு வரிசையின் அகலம்தான் முக்கியம்.

எங்கள் வீட்டில் என் அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம். அவருக்கு ஏற்ற இருக்கை, கால்களைத் தரையில் ஊன்றியபடியே பக்கவாட்டில் நகர்ந்து உட்காரக்கூடிய உயரத்தில் இருக்க வேண்டும். ஏறவும் கூடாது, இறங்கி விழவும் கூடாது. எனவே நான்காவது வண்டியிலிருந்து அம்மாவையும் உடன் அழைத்துச் சென்றேன். விற்பவர்களில் சிலர் முகம் சுளித்தார்கள், ஒருவர் "பெண்பார்க்க வந்தீர்களா?" என்றே கேட்டுவிட்டார். பரவாயில்லை, நீங்களும் அழைத்துப் போங்கள். சறுக்குக் கதவும் தாராளமான உள்ளிடமும் கொண்ட மாருதி ஈகோ என் அப்பாவுக்கு மிகவும் பிடித்திருந்தது, விலையும் எங்கள் பட்ஜெட்டுக்கு வெகு கீழே இருந்தது. ஆனால் அதன் தளம் உயரமாக இருப்பதால் அம்மா கைப்பிடியைப் பிடித்துத் தொங்கித்தான் ஏற முடிந்தது. என்ஜின் முன்னிருக்கைகளுக்கு அடியில் இருப்பதால் நீண்ட பயணத்தில் அந்தச் சூடு முன்னால் இருப்பவர்களுக்குத் தெரியும். பின்னால் இருப்பவர்களுக்குத் தனி ஏசி துவாரமும் இல்லை. ஊருக்குள் மட்டும் ஓட்டுபவருக்கும், கடைக்குச் சரக்கு ஏற்றுபவருக்கும் அதைவிடச் சிக்கனமான வண்டி கிடையாது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

கடைசி வரிசையை நீங்களே உட்கார்ந்து சோதியுங்கள், அதுவும் மதியம் இரண்டு மணிக்கு. ஏசியைப் போட்டுக் கால் மணி நேரம் அங்கே இருந்தால், குளிர் பின்வரை வருகிறதா, முழங்கால் மார்பைத் தொடுகிறதா, பின்கண்ணாடி தலைக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதெல்லாம் யாரும் சொல்லாமலே விளங்கிவிடும். டாட்சன் கோ பிளஸ் விலைக்கு மிக மலிவாகக் கிடைக்கிறது. 4 மீட்டருக்குள் அடங்கும் அந்த வண்டியின் மூன்றாவது வரிசையில் பத்து வயதுக்கு மேற்பட்ட ஒருவரை நான் உட்காரச் சொல்ல மாட்டேன். ரெனோ லாட்ஜி இதற்கு நேர்மாறானது. பெரியவர்களே கடைசியில் வசதியாக உட்காரலாம், கூரையில் ஏசி துவாரங்களும் உண்டு. 2015 முதல் 2020 வரை மட்டுமே இங்கு விற்ற வண்டி என்பதால் விலை நன்றாக இறங்கியிருக்கிறது, ஆனால் உதிரிபாகத்துக்காகக் காத்திருக்கும் பொறுமையும் உங்கள் ஊரிலேயே அதைத் தெரிந்த மெக்கானிக்கும் இருந்தால்தான் அதன் பக்கம் போக வேண்டும். செவர்லே இந்தியாவில் விற்பனையை 2017 இறுதியில் நிறுத்திவிட்டது. டவேரா, என்ஜாய் ஆகியவற்றுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

இனி இன்னோவாவுக்கு வருகிறேன். நீங்கள் யாரிடம் யோசனை கேட்டாலும் முதலில் வரும் பெயர் அதுதான், என் மைத்துனர் உட்பட. 2494 சிசி டீசல் என்ஜினின் உழைப்பைப் பற்றி எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் உங்கள் தொகைக்குக் கிடைப்பது 2009, 2010 வாக்கில் பதிவான, இரண்டரை லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிய வண்டிதான். அந்த வண்டியின் பெயருக்கே சந்தையில் ஒரு விலை இருப்பதால், அதே பணத்துக்கு மற்ற மாடல்களில் நான்கைந்து ஆண்டு இளையது கிடைக்கும். சொந்தப் பயன்பாட்டு வண்டிக்குப் பதிவு 15 ஆண்டுகளுக்குத்தான். அதன்பின் ஐந்தாண்டுக்கு ஒரு முறை எஃப்.சி. எனும் தகுதிச் சோதனைக்குக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். பழைய காருக்கு அந்தக் கட்டணத்தை 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்த்தினார்கள்; பசுமை வரி தனி. கட்டணத்தைக் கட்டிவிடலாம், எஃப்.சி.க்காகச் செய்யும் டிங்கரிங்கும் பெயிண்டும்தான் கையைக் கடிக்கும். போதாக்குறைக்கு, இந்த வயது இன்னோவாக்களில் கணிசமானவை டி-போர்டில் வாடகைக்கு ஓடி, பிறகு ஓன் போர்டாக மாற்றப்பட்டவை. அதில் தவறொன்றும் இல்லை, ஆனால் ஆர்.சி. விவரங்களையும் பழைய இன்ஷூரன்ஸ் நகல்களையும் பார்த்து அதை நீங்கள் தெரிந்துகொண்டே விலை பேச வேண்டும். ஏழு லட்சம் வைத்திருந்தால் நானே உங்களை இன்னோவா பார்க்கச் சொல்லியிருப்பேன்.

டீசலா பெட்ரோலா என்பதற்கு என் கணக்கைத் தருகிறேன். மாதம் 700 கிலோமீட்டர் ஓட்டுகிறேன். பெட்ரோல் எர்டிகா லிட்டருக்குச் சராசரியாக 14 தருகிறது. டீசல் 18 தரும் என்று வைத்துக்கொண்டால், நான் கணக்குப் பார்த்தபோது இருந்த விலையில் மாதத்துக்கு ஏறக்குறைய 1,450 ரூபாய் மிச்சமாகியிருக்கும். ஆனால் அதே ஆண்டு, அதே நிலையில் உள்ள டீசல் வண்டிக்கு எண்பதாயிரம் ரூபாய் கூடுதலாகக் கேட்டார்கள். அதை மீட்கவே நாலரை ஆண்டுக்கு மேல் ஆகும், அதற்குள் டர்போவோ இன்ஜெக்டரோ ஒரு முறை மக்கர் செய்தால் மிச்சமெல்லாம் பட்டறைக்குப் போய்விடும். மாதம் 1,500 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுபவருக்குக் கணக்கு மாறும். வட இந்தியப் பதிவெண்ணோடு வரும் மலிவான டீசல் வண்டிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை: தில்லியில் 10 ஆண்டைத் தாண்டிய டீசல் கார்களுக்கு வந்த தடையால் அங்கிருந்து பல வண்டிகள் தெற்கே வந்தன. என்.ஓ.சி. வாங்கி, இங்கே லைஃப் டாக்ஸ் கட்டி, மறுபதிவு செய்து முடிக்கும்போது அந்த மலிவு எங்கே போனது என்று தேட வேண்டியிருக்கும்.

இப்போது அந்த மூன்றாவது வண்டி. ஒரு வியாபாரியிடம் இருந்தது, புதுப் பெண் போலப் பளபளத்தது, மீட்டர் 92,000 காட்டியது. பிடித்துப்போய் ஐயாயிரம் அட்வான்ஸ் கொடுக்கப் பையில் கை வைத்துவிட்டேன். உடன் வந்த மெக்கானிக் அண்ணன் ஒன்றும் பேசாமல் கிளட்ச் பெடலின் ரப்பரைக் காட்டினார். வரிகள் முழுதும் தேய்ந்து வழவழவென்றிருந்தது. பிறகு டேஷ்போர்டு அறையிலிருந்த காகிதங்களைப் புரட்டி, இரண்டு ஆண்டுக்கு முந்தைய சர்வீஸ் ரசீது ஒன்றை எடுத்து நீட்டினார். அதில் 1,40,000 கிலோமீட்டர் என்று எழுதியிருந்தது. மீட்டரைக் குறைத்தவர் ரசீதைக் கிழிக்க மறந்திருக்கிறார். அன்றிலிருந்து மீட்டரை நான் கடைசியில்தான் பார்க்கிறேன். அதற்கு முன் பெடல் ரப்பர், ஸ்டீயரிங்கின் மேல்பகுதி, ஓட்டுநர் இருக்கையின் வலது ஓரம் ஆகியவற்றின் தேய்மானத்தையும், டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணையும் பார்ப்பேன்; 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்த டயர் என்று பொருள். சென்னைப் பக்கத்து வண்டி என்றால் சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். 2015, 2023 வெள்ளங்களில் மூழ்கிய வண்டியின் கம்பளத்தை மாற்றியிருப்பார்கள், பெல்ட்டின் உள்முனையில் படிந்த சேற்றுக் கோட்டை எல்லோரும் கழுவுவதில்லை. மெக்கானிக்குக் கொடுக்கும் ஆயிரம், ஆயிரத்தைந்நூறைக் கணக்குப் பார்க்காதீர்கள். விற்பவருக்கு வேண்டிய மெக்கானிக்காக மட்டும் அவர் இருக்கக் கூடாது.

ஓட்டிப் பார்க்கும்போது தனியாக ஓட்டாதீர்கள். எங்கள் குலதெய்வம் கொல்லிமலையில் இருக்கிறது, 70 கொண்டை ஊசி வளைவுகள். ஆறு பேரும் ஏசியுமாக ஏறும்போது 999 சிசி, 72 குதிரைத்திறன் கொண்ட டிரைபருக்கு மூச்சு வாங்கும். சமவெளியில் மட்டும் ஓட்டுபவருக்கு அது ஒரு குறையே அல்ல, 2021இல் நடந்த குளோபல் என்கேப் மோதல் சோதனையில் பெரியவர்களுக்கான பாதுகாப்பில் நான்கு நட்சத்திரமும் வாங்கியது. 1373 சிசி எர்டிகா இரண்டாவது கியரில் முணுமுணுக்காமல் ஏறியது. மலை அருகில் இல்லாவிட்டால், ஒரு மேம்பாலத்தின் அடியில் நிறுத்தி, முழுச் சுமையோடு நின்ற இடத்திலிருந்து ஏற்றிப் பாருங்கள்; கிளட்ச் எந்த நிலையில் இருக்கிறது என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

நான் வாங்கியது 2014ஆம் ஆண்டு வண்டி, ஓய்வுபெற்ற ஒருவர் 78,000 கிலோமீட்டர் ஓட்டியது, விலை 3,85,000. அந்தக் கால எர்டிகாவின் கீழ்நிலை வேரியன்ட்களில் ஏர்பேக் கிடையாது என்பதால் மேல்நிலை வேரியன்ட்டுக்காகவே மூன்று வாரம் கூடுதலாகக் காத்திருந்தேன். வாங்கிய மூன்று மாதத்துக்குள் நான்கு டயர்களுக்கு 22,000, பேட்டரிக்கு 5,500, சஸ்பென்ஷன் வேலைக்கு 12,500, ஏசிக்கு 8,000, இன்ஷூரன்ஸுக்கு 14,000 என்று 62,000 ரூபாய் செலவாயிற்று. ஆக மொத்தம் 4,47,000. முழுப் பணத்தையும் வண்டிக்கே கொடுத்திருந்தால், தேய்ந்த டயர்களோடுதான் பிள்ளைகளை மலைக்கு ஏற்றிப் போயிருப்பேன்.

காகித வேலையைப் புரோக்கரிடம் முழுதாக விட்டுவிடாதீர்கள். அரசின் எம்பரிவாகன் செயலியில் பதிவெண்ணைப் போட்டு, கடன் பதிவு நீங்கியிருக்கிறதா, அபராதம் ஏதும் நிலுவையில் இருக்கிறதா என்று பாருங்கள். கடன் இருந்தால் வங்கியின் தடையின்மைச் சான்றும், கடன் பதிவை நீக்குவதற்கான படிவம் 35-உம் கைக்கு வராமல் பெரிய தொகையைக் கொடுக்காதீர்கள். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30 இரண்டிலும் விற்பவர் உங்கள் முன்னாலேயே கையெழுத்திட வேண்டும். விற்றவருக்கு இருந்த நோ கிளெய்ம் போனஸ், அதாவது இழப்பீடு கேட்காமல் இருந்ததற்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி, உங்களுக்கு வராது, அது அவரோடு போய்விடும். அதனால் பிரீமியம் அவர் கட்டியதைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும். வண்டி வாங்கிய 14 நாட்களுக்குள் இன்ஷூரன்ஸையும் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பித்துவிடுங்கள். உங்கள் பெயரில் ஆர்.சி. வரும்வரை விலையில் ஒரு சிறு பகுதியை நிறுத்தி வைப்பதாக முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். நான் பத்தாயிரம் நிறுத்தினேன். விற்ற பெரியவர் கோபித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன், அவரோ தன் மகனுக்கு வாங்கியபோது தானும் அப்படித்தான் செய்ததாகச் சொல்லிச் சிரித்தார்.