விண்டோஸ் அப்டேட்டுக்குக் கடிவாளம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

விண்டோஸ் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்வதைக் கட்டுப்படுத்தும் வெளியார் மென்பொருள்கள் குறித்துக் கேள்விகள் நிறையச் சேர்ந்துவிட்டன. ஒன்றையொன்று ஒத்திருந்தவற்றை இணைத்து இங்கே பதில் அளிக்கிறேன்.

கேள்வி: சர்வீசஸ் பட்டியலுக்குச் சென்று விண்டோஸ் அப்டேட் சேவையை முடக்கி வைத்தேன். இரண்டு மூன்று நாளில் அது மறுபடியும் ஓடத் தொடங்கிவிடுகிறது. யார் இதைச் செய்வது?

பதில்: அந்தச் சேவை தனியாக இயங்குவதில்லை. புதுப்பிப்புகளைத் தேடிப் பதிவிறக்குவது 'விண்டோஸ் அப்டேட்'. எந்த நேரத்தில் நிறுவுவது, எப்போது கணினியை மறுதொடக்கம் செய்வது என்று முடிவெடுப்பது 'அப்டேட் ஆர்க்கெஸ்ட்ரேட்டர்'. இவை பழுதுபட்டிருந்தால் பழைய நிலைக்குக் கொண்டுவருவது 'விண்டோஸ் அப்டேட் மெடிக்'. நீங்கள் வேண்டுமென்றே நிறுத்தியதற்கும் ஒரு வைரஸ் நிறுத்தியதற்கும் இந்த மெடிக்குக்கு வேறுபாடு தெரியாது என்பதால், முடங்கிக் கிடக்கும் சேவையைக் கண்டதும் எழுப்பி உட்கார வைத்துவிடுகிறது. மெடிக்கையே முடக்கப் பார்த்தால், நிர்வாகி கணக்கில் இருந்தாலும் 'ஆக்சஸ் இஸ் டினைட்' என்ற பதில்தான் கிடைக்கும்.

சோர்டம் என்ற மென்பொருள் தளம் வெளியிடும் 'விண்டோஸ் அப்டேட் பிளாக்கர்' போன்ற கருவிகள் இந்த இடத்தில்தான் உதவிக்கு வருகின்றன. சேவையை முடக்குவதோடு நில்லாமல், அதன் அமைப்பை வேறு யாரும் மாற்ற முடியாதபடி அனுமதிகளையும் பூட்டிவிடுவதால் மெடிக்கின் வைத்தியம் பலிப்பதில்லை. ஆனால் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலிருந்து செயலிகளை இறக்கவும், விண்டோஸோடு வரும் வைரஸ் தடுப்பானான டிஃபெண்டருக்கு வைரஸ் பட்டியலைக் கொண்டுவரவும் இதே சேவைதான் பயன்படுகிறது என்பதை மறந்துவிடக் கூடாது. வாசலை அடைத்தால் திருடனோடு தபால்காரரும் வெளியேதான் நிற்பார்.

என் அனுபவம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். உறவினர் ஒருவர் இரவு பகலாக ஒரு நீண்ட காணொளியைக் கோத்துக்கொண்டிருந்தபோது, நடுவில் மறுதொடக்கம் ஆகிவிடக் கூடாது என்பதற்காக, இத்தகைய கருவி ஒன்றால் அவருடைய கணினியைப் பூட்டினேன். வேலை முடிந்தது, பூட்டைத் திறக்க நான் மறந்தேன். பல மாதங்கள் கழித்து, ஸ்டோரில் ஒரு செயலி நிறுவ மறுக்கிறது என்று அவர் அழைத்தபோது போய்ப் பார்த்தால், அத்தனை மாதங்களாக ஒரு பாதுகாப்புத் திருத்தமும் அந்த இயந்திரத்துக்குள் நுழையவில்லை. கருவி சொன்ன வேலையைச் சரியாகத்தான் செய்திருந்தது. தவறு முழுக்க என்னுடையது. அன்றிலிருந்து முழு முடக்கம் செய்யும்போதெல்லாம், திறக்க வேண்டிய தேதியைக் கைபேசி நாட்காட்டியில் குறித்த பிறகுதான் பொத்தானை அழுத்துகிறேன்.

கேள்வி: பாதுகாப்புத் திருத்தங்கள் வரட்டும், அடுத்த பெரிய பதிப்புக்கு மட்டும் கணினி தாவக் கூடாது. விண்டோஸின் ஹோம் வகையை வைத்திருக்கிறேன். வழி உண்டா?

பதில்: உண்டு, என் பார்வையில் வெளியார் கருவியின் மிக நியாயமான பயன்பாடும் இதுதான். கணினிப் பாதுகாப்பு நிபுணர் ஸ்டீவ் கிப்சன் எழுதிய 'இன்கன்ட்ரோல்' என்ற சிறு நிரலைப் பாருங்கள். விண்டோஸ் 10-க்கு மாறும்படி நச்சரிப்பு நடந்த காலத்தில், 2016-இல், 'நெவர்10' என்ற கருவியை வெளியிட்டவர் இவர். இன்கன்ட்ரோல் அதன் வாரிசு. நிறுவத் தேவையில்லை, திறந்தாலே போதும். எந்த விண்டோஸ், அதில் எந்தப் பதிப்பு என்று இரண்டு பெட்டிகள் இருக்கும். 'டேக் கன்ட்ரோல்' என்பதை அழுத்தினால் கணினி அந்தப் பதிப்பிலேயே நிற்கும். மனம் மாறினால் 'ரிலீஸ் கன்ட்ரோல்'.

இதை நான் விரும்புவதற்குக் காரணம், இது எந்தச் சேவையையும் உடைப்பதில்லை. 'இன்ன பதிப்பில் நிற்கவும்' என்று பெரிய நிறுவனங்களின் நிர்வாகிகள் சொல்வதற்காக மைக்ரோசாஃப்ட் தானே வைத்திருக்கும் கொள்கை மதிப்புகளை, விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் எழுதிவைப்பது மட்டுமே அதன் வேலை. அந்தக் கொள்கைகளை மாற்றும் திரையான குரூப் பாலிசி எடிட்டர் இல்லாத ஹோம் வகைக்காரருக்கு, அந்தத் திரையில்லாமலே அதே மதிப்புகள் கிடைக்கின்றன. ஆனால் இது நிரந்தரத் தடை அன்று. விண்டோஸ் 11-இன் ஒவ்வொரு பதிப்புக்கும் ஹோம், ப்ரோ வகைகளில் 24 மாத ஆதரவு மட்டுமே உண்டு. ஆதரவு முடிந்து 60 நாள் கடந்தும் நீங்கள் இலக்கை மாற்றவில்லை என்றால் கணினி தானாகவே மேலே செல்லும் என்று அந்தக் கொள்கையின் விளக்கத்திலேயே உள்ளது. ஆண்டுக்கு ஒருமுறை இன்கன்ட்ரோலைத் திறந்து பதிப்பு எண்ணை மாற்றுவது நல்லது.

கேள்வி: இத்தகைய கருவியைப் பதிவிறக்கியதும் டிஃபெண்டர் எச்சரிக்கிறது. நம்பலாமா?

பதில்: புதுப்பிப்பை நிறுத்துவது, சேவையின் அனுமதிகளை மாற்றுவது ஆகியவை தீங்கு நிரல்களும் செய்யும் வேலைகள் என்பதால், நல்ல கருவியும் சில நேரங்களில் சந்தேகப் பட்டியலில் விழும். எச்சரிக்கை வந்ததாலேயே கெட்டது என்று முடிவு செய்யவும் வேண்டாம், 'இதெல்லாம் சகஜம்' என்று தள்ளிவிடவும் வேண்டாம். தேடல் முடிவுகளின் உச்சியில் விளம்பரமாக வரும் பதிவிறக்கத் தளங்களைத் தவிர்த்து, உருவாக்கியவரின் சொந்தத் தளத்துக்கே செல்லுங்கள். கோப்பின் மீது வலச் சொடுக்கி, 'ப்ராப்பர்ட்டீஸ்' சாளரத்தில் 'டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ்' என்ற பகுதி இருக்கிறதா, அதில் உள்ள பெயர் அவருடையதுதானா என்று பாருங்கள். நிர்வாகி உரிமையோடு இயங்கப்போகும் நிரல் என்பதால், இயக்குவதற்கு முன் பழைய நிலைக்குத் திரும்ப உதவும் ஒரு ரீஸ்டோர் பாயின்ட் உருவாக்கிவிடுங்கள். டிஃபெண்டரை முதலில் அணைத்துவிடும்படி வழிகாட்டும் கருவி எதுவானாலும் நான் தொடுவதில்லை.

கேள்வி: ஒரே ஒரு புதுப்பிப்பு மட்டும் ஒவ்வொரு முறையும் தோற்று, மறுநாள் மீண்டும் வந்து நிற்கிறது. அதை மட்டும் ஒதுக்க முடியுமா?

பதில்: முடியும். 2024 ஜனவரியில் வந்த கேபி5034441 என்ற எண் கொண்ட புதுப்பிப்பு இதற்குப் பொருத்தமான உதாரணம். பழுதுபார்க்க வட்டில் ஒதுக்கப்பட்டிருக்கும் மீட்புப் பகிர்வில் 250 எம்பி அளவுக்கு இடம் இல்லாத விண்டோஸ் 10 கணினிகளில் அது 0எக்ஸ்80070643 என்ற பிழையோடு ஓயாமல் தோற்றுக்கொண்டிருந்தது. இத்தகைய ஒற்றைப் புதுப்பிப்பை மறைப்பதற்கு 'ஷோ ஆர் ஹைட் அப்டேட்ஸ்' என்ற கருவியை மைக்ரோசாஃப்டே வெளியிட்டிருந்தது. வெளியார் கருவிகளில் 'டபிள்யூயூஎம்ஜிஆர்' (WuMgr) இன்னும் வசதியானது: காத்திருக்கும் புதுப்பிப்புகளைப் பட்டியலாகக் காட்டி, வேண்டியதை நிறுவவும் வேண்டாததை மறைக்கவும் விடுகிறது. திருத்திய வடிவில் அதே புதுப்பிப்பு மீண்டும் வெளியானால், நீங்கள் மறைத்தது மறுபடி தலைகாட்டலாம்.

மறைப்பதற்கு முன் அது எதற்காக வந்தது என்று படித்துப் பாருங்கள். மேலே சொன்ன புதுப்பிப்பு வட்டிலுள்ள தகவலைப் பூட்டும் பிட்லாக்கர் குறியாக்கத்தைச் சுற்றிக்கொண்டு போகக்கூடிய ஒரு ஓட்டையை அடைக்க வந்தது. பிட்லாக்கர் போட்ட மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு பயணம் செய்பவர் மறைத்துவிட்டு நிம்மதியாக இருப்பதைவிட, மீட்புப் பகிர்வைப் பெரிதாக்குவதே சரி.

கேள்வி: எத்தனை நாள் தள்ளிப்போடுவது நியாயம்?

பதில்: இரண்டு நிகழ்ச்சிகளின் தேதிகளை வைத்து இதற்கு விடை காணலாம். விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பு 2018 அக்டோபர் 2 அன்று வெளியானது. சிலருடைய ஆவணக் கோப்புகளையே அழித்துவிட்டது என்ற புகார்களால் நான்கே நாளில் நிறுத்தப்பட்டு, நவம்பர் 13 அன்றுதான் திரும்ப வந்தது. அவசரப்பட்டவர்கள் அடிபட்டார்கள். மறுபக்கம், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாக்ரை தாக்குதல் 2017 மே 12 அன்று பரவியபோது, அது பயன்படுத்திய ஓட்டைக்கான திருத்தம் மார்ச் 14 அன்றே வந்து 59 நாட்கள் ஆகியிருந்தன. இங்கே தாமதித்தவர்கள் அடிபட்டார்கள். திருத்தம் வெளியானதுமே பழைய கோப்பையும் புதியதையும் ஒப்பிட்டு ஓட்டை எங்கே இருந்தது என்று கண்டுபிடிப்பவர்கள் இருக்கிறார்கள் என்பதால், காத்திருக்கும் ஒவ்வொரு வாரமும் ஆபத்தின் பக்கம் சாய்கிறது.

ஆகவே மாதத்தின் இரண்டாவது செவ்வாயன்று வரும் வழக்கமான பாதுகாப்புத் திருத்தத்துக்கு ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாள்; பெரிய பதிப்பு மாற்றத்துக்குச் சில மாதங்கள். இதுவே என் கணக்கு. முதல் வகைக்கு வெளியார் கருவியே தேவையில்லை, செட்டிங்ஸில் உள்ள 'பாஸ் அப்டேட்ஸ்' போதும்.

கேள்வி: வைஃபை இணைப்பை 'மீட்டர்ட்' (அளவுக்கு உட்பட்ட தரவு) என்று குறித்தால் போதாதா?

பதில்: பதிவிறக்கம் பெரும்பாலும் நிற்கும். ஆனால் அந்தக் குறி ஒரு இணைப்புக்கு மட்டும் உரியது. வேறொரு வைஃபையில் சேர்ந்த உடனே எல்லாம் இறங்கத் தொடங்கிவிடும். தரவைச் சிக்கனப்படுத்தச் சரி, கட்டுப்பாட்டுக்குப் போதாது.

கேள்வி: கருவியை அழித்துவிட்டேன். ஆனாலும் புதுப்பிப்புகள் வரவில்லை. சில அமைப்புகளை 'உங்கள் நிறுவனம்' நிர்வகிக்கிறது என்று செட்டிங்ஸில் எழுதியிருக்கிறது. எனக்கு எந்த நிறுவனமும் இல்லையே!

பதில்: அந்த நிறுவனம் நீங்கள் அழித்த கருவிதான். இவற்றில் பெரும்பாலானவை ரெஜிஸ்ட்ரியில் மதிப்புகளை எழுதிவிட்டு ஒதுங்கிக்கொள்பவை. நிரலை அழித்தாலும் எழுதியது அப்படியே நிற்கும். கொள்கை மதிப்பு ஒன்றைக் கண்டதும், யாரோ ஒரு நிர்வாகி வைத்ததாக விண்டோஸ் எடுத்துக்கொள்கிறது.

எளிய வழி, அதே கருவியை மீண்டும் பதிவிறக்கி, அதன் வழியாகவே புதுப்பிப்பை இயக்க நிலைக்கு மாற்றிவிட்டு, பிறகு அழிப்பது. அனுமதிப் பூட்டுப் போட்ட கருவியாக இருந்தால் இதுவே தலைவலி குறைந்த வழியும்கூட. எந்தக் கருவி என்றே நினைவில்லை என்றால், ரெஜிஸ்ட்ரி எடிட்டரில் லோக்கல் மெஷின், சாஃப்ட்வேர், பாலிசீஸ், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ் என்று இறங்கி, 'விண்டோஸ்அப்டேட்' என்ற உறையை முதலில் 'எக்ஸ்போர்ட்' செய்து வைத்துக்கொண்டு நீக்கலாம், பின் மறுதொடக்கம். கணினி அலுவலகம் தந்ததாக இருந்தால் இதில் எதையும் தொடாதீர்கள், அங்கே உண்மையிலேயே ஒரு நிர்வாகி இருக்கிறார்.

கேள்வி: விண்டோஸ் 10-க்கு ஆதரவே முடிந்துவிட்டதே, இனித் தடுப்புக் கருவி இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?

பதில்: ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது உண்மை. ஆனால் நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புத் திட்டத்தில் சேரும் தனிநபர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை திருத்தங்கள் உண்டு என்று அறிவிக்கப்பட்டது. அவையும் இதே விண்டோஸ் அப்டேட் வழியாகத்தான் வருகின்றன. கணினி தொடங்கும்போது நம்பகமான மென்பொருளை மட்டும் அனுமதிக்கும் செக்யூர் பூட் வசதிக்கு 2011-இல் வழங்கப்பட்ட சான்றிதழ்கள் 2026 ஜூன் முதல் காலாவதியாவதால், அவற்றுக்கு மாற்றான புதிய சான்றிதழ்களும் இந்த வழியைத்தான் நம்பியிருக்கின்றன. எனவே முழு முடக்கத்தை நீக்கிவிட்டு, திட்டத்தில் சேருங்கள். விண்டோஸ் 11-க்குத் தாவிவிடுமோ என்ற அச்சம் இருந்தால், இன்கன்ட்ரோலில் விண்டோஸ் 10 என்றும் அதன் கடைசிப் பதிப்பான 22ஹெச்2 என்றும் குறித்து வையுங்கள்.