கேன்டீனில் 20 ரூபாய் தண்ணி பாட்டில் 30 ரூபாயா? - பதில்

பெங்களூரு காலேஜ் கேன்டீன்ல தண்ணி பாட்டிலுக்கு 10 ரூபாய் கூட வாங்குறாங்க, மதியச் சாப்பாடும் கட்டுப்படியாகலைன்னு கேட்டிருந்தீங்க.

கடைக்காரர் எம்ஆர்பிக்கு (பாட்டில்ல அச்சடிச்சிருக்கிற அதிகபட்ச விலை) மேல வாங்கக் கூடாது, 'கூலிங் சார்ஜ்'னு சொன்னாலும் சரி. பில் தரலைன்னா யுபிஐ ரசீது, விலை தெரியுற பாட்டில் போட்டோ ரெண்டையும் வச்சுக்கிட்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் பண்ணுங்க. பரிமாறுற ஹோட்டல்களுக்கு 2017 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு விலக்கு குடுத்திருக்கு. அதனால கவுன்ட்டர்ல வாங்கினதுன்னு தெளிவா சொல்லணும். காபி, வடைக்கு எம்ஆர்பியே கிடையாது, அங்க சண்டை வீண். வெளிய தர்ஷினியில (நின்னுக்கிட்டே சாப்பிடுற சின்ன ஹோட்டல்) பை-டூ காபி, அதாவது ஒரு காபியை ரெண்டு பேருக்குப் பிரிச்சுத் தரச் சொல்லுங்க.

மதியத்துக்குத் தயிர்சாதம்தான் மலிவு. குழைஞ்ச சாதம் ஒரு கப், காய்ச்சி ஆறின பால் முக்கால் கப், தயிர் ஒரே ஸ்பூன். முழுக்கத் தயிர் ஊத்தினா மதியத்துக்குள்ள புளிச்சிடும். சூட்டோட டப்பாவை மூடாதீங்க, வேர்த்து வாடை வரும்.