கலைந்த கவனம் திரும்புவதற்கு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கவனச்சிதறலைப் பற்றி எழுதியிருந்த வாசகர்களில் பலர், தங்களுக்கு மன உறுதி போதவில்லை என்று தங்களையே நொந்துகொண்டிருந்தார்கள். மனம் அவ்வப்போது விலகுவது எல்லோருக்கும் இயல்பு. விலகிய மனம் சீக்கிரம் திரும்புவதற்கான ஏற்பாட்டை முன்கூட்டியே செய்துகொள்ள முடியும் என்பதால், என் பதில்கள் பெரும்பாலும் அதைப் பற்றியே இருக்கும்.

குரூப் 2 தேர்வுக்குப் படிக்கிறேன். பாடக்குறிப்புகள் டெலிகிராமிலும் யூடியூபிலும் வருவதால் கைபேசியை ஒதுக்க முடியவில்லை. எடுத்தாலோ ஒரு மணி நேரம் போய்விடுகிறது. — வாசகர், விருதுநகர்

பாடம் சேகரிப்பதும் படிப்பதும் ஒரே நேரத்தில் நடப்பதுதான் உங்கள் சிக்கல். முந்தைய நாள் மாலையில் அரை மணி நேரம் ஒதுக்கி, மறுநாளுக்கு வேண்டியதை மட்டும் பதிவிறக்கி, முடிந்தால் ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்து வைத்துவிடுங்கள். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான பாடநூல்கள் அச்சில் கிடைக்கும்போது அவற்றைக் கைபேசியில் படிக்க வேண்டியதில்லை. படிக்கும் நேரத்தில் கைபேசி அடுத்த அறையில் இருக்கட்டும். அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், கைபேசியை மேசை மீது வைத்திருந்தவர்களைவிட வேறு அறையில் விட்டுவந்தவர்கள் நினைவாற்றல் சோதனைகளில் சிறப்பாகச் செய்தார்கள். பின்வந்த ஆய்வுகள் எல்லாம் இதே அளவு வேறுபாட்டைக் காணவில்லை என்றாலும், செலவே இல்லாத இந்த ஏற்பாட்டைச் செய்து பார்ப்பதில் இழப்பு ஒன்றுமில்லை.

இரண்டாவது விஷயம் இதைவிட முக்கியமானது. படித்ததையே திரும்பத் திரும்பப் படிக்கும்போது கண் வரிகளில் ஓடினாலும் மனம் வேறெங்கோ போய்விடும். அதனால் இரண்டு பக்கம் முடிந்தவுடன் புத்தகத்தை மூடிவிட்டு, நினைவிலிருந்து எழுதிப் பாருங்கள். அடிப்படை உரிமைகள் பகுதியைப் படித்தீர்கள் என்றால், 14 முதல் 18 வரையிலான பிரிவுகள் சமத்துவம், 19 முதல் 22 வரை சுதந்திரம், 23-உம் 24-உம் சுரண்டலுக்கு எதிரானவை என்று வெற்றுத்தாளில் எழுதி, விட்டுப்போனதைச் சிவப்பு மையால் நிரப்புங்கள். ரோடிகர், கார்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், மறுபடி படித்தவர்களைவிட இப்படி நினைவுகூர்ந்து பார்த்தவர்களே ஒரு வாரம் கழித்தும் அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். கை எழுதிக்கொண்டிருக்கும்போது மனம் அலைவதும் குறைகிறது.

வீட்டில் இடம் வாய்க்கவில்லை என்றால் பக்கத்து நூலகத்துக்குப் போய்விடுங்கள். மதுரைக்கு அடிக்கடி செல்பவராக இருந்தால், 2023-இல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகமும் உங்களுக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது.

மென்பொருள் நிறுவனத்தில் வேலை, வீட்டிலிருந்து செய்கிறேன். அலுவலக அரட்டைச் செய்திகள் ஓயாமல் வருவதால் எதையும் முழுதாக முடிக்க முடியவில்லை. — வாசகி, கோயம்புத்தூர்

உங்கள் அனுபவத்தை ஆய்வுகளும் உறுதி செய்கின்றன. ஒரு திரையில் மனிதர்களின் கவனம் எவ்வளவு நேரம் நிலைக்கிறது என்பதைக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகப் பேராசிரியர் குளோரியா மார்க் நீண்ட காலமாக அளந்துவருகிறார். 2004-இல் சராசரியாக இரண்டரை நிமிடமாக இருந்த அது, அண்மை ஆண்டுகளில் ஏறக்குறைய 47 விநாடியாகக் குறைந்திருக்கிறது. பாதியில் விட்ட வேலையின் எச்சம் மனத்தில் தங்கி அடுத்த வேலையைக் கெடுப்பதை, சோஃபி லெரோய் 2009-இல் எழுதிய ஆய்வுக்கட்டுரையில் விளக்கினார்.

அழைப்பு வந்ததும் பதறி எழுந்துவிடாமல், ஒரு வரி எழுதிவைத்துவிட்டு எழுந்திருங்கள். "வேலை பாக்கி" என்று பொதுவாக எழுதினால் பயனில்லை, "140-ஆம் வரி வரை சரிபார்த்தாயிற்று, அடுத்து, தேதி தவறாக வரும் இடத்தைப் பார்க்க வேண்டும்" என்று அடுத்த அடி தெரியும்படி எழுத வேண்டும். திரும்பி வந்தவுடன் எங்கிருந்து தொடங்குவது என்று தேடும் நேரத்தில்தான் விரல் வேறு செயலிக்குத் தாவுகிறது. கூடவே, காலை 11 மணிக்கும் மதியம் 2 மணிக்கும் மாலை 5 மணிக்கும் செய்திகளைப் பார்ப்பதாகவும், அவசரம் என்றால் தொலைபேசியில் அழைக்கலாம் என்றும் உங்கள் மேலாளரிடம் சொல்லிப் பாருங்கள். எல்லாச் செய்தியும் உடனடிப் பதிலை எதிர்பார்த்து அனுப்பப்படுவதில்லை.

வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன். குக்கர் விசில், வாசல் மணி, மாமியாரின் மருந்து என்று எழுந்து எழுந்து போவதில் போன வாரம் ஒரு ரவிக்கைத் துணியைத் தப்பாக வெட்டிவிட்டேன். — வாசகி, கும்பகோணம்

அம்மா, இதை உங்கள் கவனக்குறைவு என்று நான் ஏற்கமாட்டேன். நீங்கள் ஒரே நேரத்தில் மூன்று பேருடைய வேலையைச் செய்துகொண்டிருக்கிறீர்கள். கொக்கி வைப்பது, ஓரம் மடித்துத் தைப்பது போன்றவற்றை எந்த இடத்தில் விட்டாலும் தொடரலாம். அளவு குறித்து வெட்டுவதை அப்படி விட முடியாது. ஆகவே, வெட்டும் வேலையை மட்டும் சேர்த்துவைத்து, வீட்டில் இன்னொருவர் இருக்கும் ஒரு மணி நேரத்துக்குத் தள்ளிவிடுங்கள். அந்த ஒரு மணி நேரத்துக்கு வாசலையும் அடுப்பையும் மருந்தையும் கணவரோ பிள்ளைகளோ பார்த்துக்கொள்ள வேண்டும். இதை உதவியாகக் கேட்க வேண்டியதில்லை. வருமானம் தரும் தொழிலுக்குரிய நேரம் என்றே சொல்லுங்கள். நடுவில் எழுந்தே தீரவேண்டும் என்றால், கழுத்து இறக்கமா தோள் அகலமா, எது முடிந்தது என்பதைத் துணியின் மீதே சாக்கட்டியால் குறித்துவிட்டு எழுந்திருங்கள்.

25 நிமிட வேலை, 5 நிமிட ஓய்வு என்ற முறை நல்லதா? — வாசகர், திருச்சி

தொடங்கவே மனம் வராத வேலைக்கு நல்லது. 1980-களின் பிற்பகுதியில் இத்தாலிய மாணவராக இருந்த பிரான்செஸ்கோ சிரில்லோ தன் படிப்புக்காக உருவாக்கிக்கொண்ட அளவு அது. வேலை ஓட்டம் பிடித்துவிட்டால் மணி அடித்தது என்பதற்காக நிறுத்த வேண்டாம்.

என் வயது 34. எதிலும் பத்து நிமிடம் உட்கார முடியவில்லை. ரீல்ஸில் சொல்லும் ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவு, மிகை இயக்கக் குறைபாடு) அறிகுறிகள் எல்லாம் எனக்கு இருக்கின்றன. மருத்துவரைப் பார்க்க வேண்டுமா? — வாசகி, சென்னை

பார்ப்பது நல்லது, ஆனால் காணொளியை வைத்து முடிவுக்கு வந்துவிடாதீர்கள். அறிகுறிகளில் பல 12 வயதுக்கு முன்பே தென்பட்டிருக்கின்றனவா, வீடு, அலுவலகம் என ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் தொல்லை தருகின்றனவா, ஆறு மாதமாவது நீடிக்கின்றனவா என்பதை மனநல மருத்துவர் விசாரிப்பார். அண்மையில்தான் தொடங்கியது என்றால் வேறு காரணங்களையும் தேட வேண்டியிருக்கும். மனச்சோர்வு, பதற்றம், தைராய்டு கோளாறு, இரத்தசோகை ஆகியவையும் கவனத்தைக் குலைக்கும்.

தூக்கத்தையும் சேர்த்துக் கவனியுங்கள். 2003-இல் வெளியான ஓர் ஆய்வில், இரண்டு வாரம் இரவில் ஆறு மணி நேரமே தூங்கியவர்களின் கவனத்திறன், முழு இரவு விழித்தவர்களின் அளவுக்குச் சரிந்தது. தாங்கள் அவ்வளவு சரிந்திருப்பதை அவர்கள் உணரவும் இல்லை.

மருத்துவரிடம் போகும்போது பழைய பள்ளி மதிப்பெண் அட்டைகளில் ஆசிரியர்கள் எழுதிய குறிப்புகளைக் கொண்டுபோங்கள். உங்கள் சிறுவயதை அறிந்த அம்மாவோ அக்காவோ உடன் வந்தால் இன்னும் நல்லது. எங்கே போவது என்று தெரியவில்லை என்றால், ஒன்றிய அரசின் டெலி-மானஸ் உதவி எண்ணான 14416-ஐ எந்த நேரத்திலும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.