பயிற்சி மையத்துக்குப் பணம் கட்டுமுன் ஊர் நூலகத்தில் நூறு நாள்

பட்டம் முடித்த மகள் குரூப் 4 எழுதப்போகிறேன் என்கிறாள். சென்னையில் விடுதி, சாப்பாடு, பயிற்சிக் கட்டணம் என்று கணக்குப் போட்டால் நகை அடகுக்குப் போக வேண்டும். ஊரில் இருப்பதோ ஒரு கிளை நூலகம். அதில் உட்கார்ந்து படித்தால் தேறுவாளா என்பதுதான் உங்கள் கவலை. நகையை இப்போது எடுக்காதீர்கள் அம்மா. முதல் நூறு நாள் அந்த நூலகத்திலேயே படிக்கட்டும். சென்னை தேவையா இல்லையா என்பது அதற்குள் அவளுக்கே தெரிந்துவிடும்.

குரூப் 4 என்பது அரசு வேலைக்காகத் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் (டிஎன்பிஎஸ்சி) பத்தாம் வகுப்புத் தரத்தில் நடத்தும் தேர்வு. 200 கேள்வி, 300 மதிப்பெண், 3 மணி நேரம். தமிழுக்கு 100 கேள்வி, பொது அறிவுக்கு 75, கணக்கும் திறனறிவும் சேர்த்து 25. தமிழ்ப் பகுதியில் 150 மதிப்பெண்ணுக்கு 60 எடுக்காதவரின் மற்ற விடைகளைத் திருத்தவே மாட்டார்கள். ஆகவே அடித்தளம் பள்ளிப் பாடநூல்தான். ஆறாம் வகுப்பு முதல் பத்து வரை தமிழும் சமூக அறிவியலும் வரிவரியாகப் படித்தாக வேண்டும். அதற்கு வேண்டியது நாற்காலி, வெளிச்சம், சத்தமில்லாத மூன்று மணி நேரம். வீட்டில் கிடைக்காதது அந்த மூன்றாவதுதான். பெண்பிள்ளை வீட்டில் புத்தகத்தைத் திறந்தால் பத்து நிமிடத்துக்கு ஒரு வேலை வந்து நிற்கும்.

இலவசமாகப் போய் உட்காருகிறோமே என்ற கூச்சமும் வேண்டாம். வீட்டு வரி ரசீதைப் பாருங்கள். சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு நூலக வரியாகச் சேர்கிறது. 1948இல் வந்த பொது நூலகச் சட்டம் செய்த ஏற்பாடு அது. அந்த நாற்காலிக்கு நீங்கள் ஏற்கெனவே பணம் கட்டியிருக்கிறீர்கள்.

முதல் நாள் நீங்களும் கூடப் போங்கள். வாசலில் மாட்டியிருக்கும் நேரப் பலகையைப் படியுங்கள். பல கிளை நூலகங்கள் காலையும் மாலையும் மட்டும் திறந்திருக்கும், இடையில் பூட்டிவிடுவார்கள். வார விடுமுறை பெரும்பாலும் வெள்ளி. பெண்கள் போகும்படியான கழிப்பறை இருக்கிறதா என்று அன்றைக்கே பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்து பிள்ளை உடம்பைக் கெடுத்துக்கொள்ளும். அப்படிப்பட்ட இடத்தில் காலை ஒரு வேளை மட்டும் நூலகம், மாலை வீடு என்று வைத்துக்கொள்ளலாம். உறுப்பினர் அட்டைக்குக் காப்புத்தொகையும் சிறு ஆண்டுச் சந்தாவும் உண்டு. முகவரிச் சான்று நகலைக் கையோடு எடுத்துப் போங்கள். உட்கார்ந்து படிக்க அட்டை தேவையில்லை. புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுவரத்தான் அட்டை.

பலர் இடறுவது போட்டித் தேர்வு அலமாரி முன்னால்தான். தடித்த வழிகாட்டி ஒன்றைக் கண்டதும் உருவிக்கொண்டு வந்து முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்குவார்கள். எந்தப் புத்தகமானாலும் முதலில் தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தைத் திருப்பி, அச்சான ஆண்டைப் பார்க்க வேண்டும். 2021 டிசம்பரில்தான் தமிழ்த் தாள் கட்டாயம் என்று அரசாணை வந்தது. அதற்கு முன் பொதுத் தமிழுக்குப் பதில் பொது ஆங்கிலம் எடுக்கலாம். பொது ஆங்கிலத்துக்கு 100 கேள்வி ஒதுக்கியிருக்கும் வழிகாட்டி பழைய முறைக்கானது, அதை அலமாரியிலேயே விட்டுவிடுங்கள். பாடநூலிலும் இதே எச்சரிக்கை. ஆறு, ஒன்பதாம் வகுப்புக்கு 2018இலும், ஏழு, எட்டு, பத்துக்கு 2019இலும் புதிய புத்தகம் வந்தது. நூலகத்தில் இருப்பது அதற்கு முந்தைய பதிப்பென்றால் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளிடம் கேட்டு வாங்குங்கள். ஐந்து வகுப்புத் தமிழ்ப் புத்தகமும் வீட்டில் இருந்தால் போதும், நூலகத்துக்கு ஒன்றொன்றாகக் கொண்டுபோகலாம்.

வேண்டிய புத்தகம் இல்லையென்றால் நூலகரிடம் வாயால் சொல்லிவிட்டு வந்துவிடக் கூடாது. தலைப்பு, ஆசிரியர், பதிப்பாண்டு மூன்றையும் தாளில் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். கொள்முதல் பெரும்பாலும் மேலிடத்தில் நடப்பது. கிளை நூலகர் நினைத்த மாத்திரத்தில் வாங்க முடியாது. மாவட்ட மைய நூலகத்தில் அந்தப் புத்தகம் இருக்கிறதா என்று அவர் கேட்டுச் சொல்வார்.

நாளிதழ் மேசையில் காலை ஒன்பதரை வரை பெரியவர்கள் கூட்டம் இருக்கும். அந்த நேரத்தில் பாடநூல் படித்து, கூட்டம் கலைந்தபின் இதழ்களை எடுக்கலாம். நாளிதழுக்கு அரை மணிக்கு மேல் வேண்டாம். அரசுத் திட்டம், நியமனம், விருது, விளையாட்டு என்று நோட்டில் நான்கு கட்டம் போட்டு, செய்தியைத் தேதியோடு ஒரே வரியில் எழுத வேண்டும். முழுச் செய்தியையும் படியெடுப்பவர்கள் ஒரு மாதத்தில் சலித்துவிடுவார்கள். எழுதியதைத் திருப்பிப் பார்க்கவும் நேரம் இருக்காது.

மூன்றாவது வாரத்திலிருந்து ஞாயிறுதோறும் ஒரு முழுத் தேர்வு. உண்மைத் தேர்வு காலை 9.30க்குத் தொடங்கி 12.30க்கு முடியும், இதையும் அதே நேரத்தில் எழுதட்டும். தேர்வாணைய இணையதளத்தில் இருக்கும் பழைய வினாத்தாளை ஜெராக்ஸ் எடுத்து, விடைத்தாள் மாதிரியில் கறுப்பு மைப் பேனாவால் வட்டம் நிரப்ப வேண்டும். தெரியாத கேள்விக்கு 'விடை தெரியவில்லை' என்ற ஐந்தாவது வட்டம் இருக்கிறது. தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை என்பதால், இரண்டு விடைகளுக்கு நடுவே தடுமாறும்போது ஒன்றைத் தேர்ந்து நிரப்புவதே மேல். வட்டம் நிரப்பவே கணிசமான நேரம் போகும் என்பது எழுதிப் பார்த்தால்தான் புரியும்.

நூறு நாள் முடிவில் கடைசி மூன்று தேர்வுத் தாள்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். தமிழில் 80 கேள்விக்கு மேல் சரியாக இருந்தால் அந்தப் பகுதிக்கு எந்தப் பயிற்சி மையமும் தேவையில்லை. கணக்கில் மட்டும் பத்து, பன்னிரண்டிலேயே நிற்கிறதா? அது நூலகம் தீர்க்கும் குறை அல்ல, பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர ஆள் வேண்டும். உள்ளூர்க் கணக்கு ஆசிரியரிடம் இரண்டு மாதம் அனுப்புங்கள். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் இலவச வகுப்பு எப்போது தொடங்குகிறது என்றும் விசாரியுங்கள். அடுத்து குரூப் 2 முதன்மைத் தேர்வுக்குப் போகிறாள் என்றால் விரிவான விடைகளைப் படித்துத் திருத்தித் தர ஒருவர் வேண்டும். வெளியில் பணம் கட்டுவதைப் பற்றி அப்போது யோசிக்கலாம்.